நாலு வேளை டீ: நன்மையைக் கெடுத்துக்கொள்ளாமல் குடிப்பது எப்படி?

டீயை நிறுத்தச் சொல்லும் அத்தியாயம் அல்ல இது. எழுந்ததும் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று, வீட்டுக்கு யாராவது வந்தால் அவர்களோடு ஒன்று எனப் பழகிய நம்மிடம் 'நிறுத்து' என்றால் எடுபடாது. ஆரோக்கியமாக இருக்கும் பெரியவர்கள் நிறுத்தியே ஆகவேண்டும் என்பதற்கு ஆதாரமும் இல்லை. தேயிலை நல்ல பொருள்தான். அதில் விழும் சர்க்கரை, அதைக் குடிக்கும் நேரம், குடிக்கும்போது இருக்கும் சூடு, இந்த மூன்றில்தான் நாம் கோட்டை விடுகிறோம். மூன்றையும் சரிசெய்யக் காசு செலவில்லை. எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

டீத்தூளில் என்ன இருக்கிறது?

கறுப்பு டீ, கிரீன் டீ, ஊலாங், வெள்ளை டீ எல்லாமே கமெல்லியா சைனென்சிஸ் என்ற ஒரே செடியின் கொழுந்திலிருந்து வருபவை. பறித்த பிறகு நடக்கும் வேலைதான் வேறு. கிரீன் டீக்குக் கொழுந்தை உடனே ஆவியிலோ வாணலியிலோ சூடுகாட்டிவிடுவார்கள். பச்சை நிறம் அப்படியே நிற்கும். நீலகிரித் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் கொழுந்தை வாடவிட்டு, பல் வைத்த உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டி, காற்றுப் படும்படி பரப்பி வைப்பார்கள். பச்சை மெல்லச் செம்பு நிறமாகும். பிறகு உலர்த்திச் சலித்தால் நம் அடுப்படி டப்பாவில் இருக்கும் சி.டி.சி. தூள் தயார். 1930-களில் அஸ்ஸாமில் தோன்றிய இந்த முறையால்தான் ஒரு கரண்டித் தூளில் சட்டென்று கெட்டி டிகாஷன் இறங்குகிறது.

அந்த டிகாஷனில் உடம்பைப் பாதிக்கும் பொருள்கள் முக்கியமாக நான்கு.

- பாலிஃபீனால்கள்: கிரீன் டீயில் இவை கேட்டகின்களாக இருக்கும். கறுப்பு டீ ஆகும்போது பெரும்பகுதி தியாஃபிளேவின், தியாருபிஜின் என்ற வேறு பொருள்களாக மாறும். டீயின் செந்நிறத்துக்குக் காரணம் இவையே. துவர்ப்பிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு.
- கஃபீன்: மூளையில் அசதியைத் தெரிவிக்கும் அடினோசினின் வேலையைத் தடுத்து விழிப்பைத் தருவது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலின்படி ஒரு கப் டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் இருக்கும். 150 மில்லி டிகாஷன் காபியில் 80 முதல் 120 வரை.
- தியானின்: 1949-ல் ஜப்பானில் கண்டறியப்பட்ட அமினோ அமிலம். கஃபீனோடு சேரும்போது கவனம் கூடுவதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன.
- ஃபுளோரைடு: செடி மண்ணிலிருந்து உறிஞ்சி இலையில் சேர்த்துவைப்பது. சாதாரண அளவில் கவலை இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணீரிலேயே ஃபுளோரைடு கூடுதலாக உள்ள ஊர்க்காரர்கள் மட்டும் அந்தத் தண்ணீரில் டீ போடாமல், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைப் பயன்படுத்துவது நல்லது.

உண்மையான பலன் எவ்வளவு?

பிரிட்டனில் சுமார் 5 லட்சம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2022-ல் வெளியானது. தினமும் இரண்டு கப்போ அதற்கு மேலோ டீ குடித்தவர்களுக்கு, ஆய்வுக் காலத்தில் இறக்கும் அபாயம் டீ குடிக்காதவர்களைவிட 9 முதல் 13 சதவீதம் குறைவாக இருந்தது. அங்கே பெரும்பாலும் கறுப்பு டீதான். ஜப்பானில் 40,530 பேரிடம் நடந்த ஆய்வு 2006-ல் வந்தது. நாளுக்கு ஐந்து கப்புக்குக் குறையாமல் கிரீன் டீ குடித்தவர்களிடம் இதய, ரத்தநாள நோய்களால் ஏற்பட்ட மரணங்கள் குறைவு. புற்றுநோய் மரணங்களில் வித்தியாசம் இல்லை.

இரண்டும் நீண்ட நாள் கவனித்துப் பார்த்த ஆய்வுகள். டீ குடிப்பவர்களின் மற்றப் பழக்கங்களும் இந்த வித்தியாசத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்பதால், எல்லாப் பெருமையையும் டீக்கே கொடுத்துவிட முடியாது. ஆட்களைப் பிரித்து டீ கொடுத்துப் பார்த்த சோதனைகளில் தெரியும் பலன் சிறியது. ஆஸ்திரேலியாவில் தினம் மூன்று கப் கறுப்பு டீ வீதம் ஆறு மாதம் குடித்தவர்களுக்கு மேல் ரத்த அழுத்தம் 2 முதல் 3 புள்ளி இறங்கியது. பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு டீயைப் பிடித்துக்கொள்ள இது போதாது.

கையோடு தெரியும் பலன் ஒன்று உண்டு. மதிய அசதியில் ஒரு கிளாஸ் டீ குடித்தால் அரை மணிக்குள் விழிப்பு வரும். டீ குடித்தால் உடம்பில் தண்ணீர் வற்றும் என்ற பயமும் வேண்டாம். மிதமாகக் குடிக்கும் டீ அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேரும். நன்றாகக் கொதித்த தண்ணீர் என்பதால் வெளியூரில் நம்ப முடியாத குழாய்த் தண்ணீரைவிட மேல்.

சர்க்கரை நோயைக் குணமாக்கும், புற்றுநோயைத் தடுக்கும், தொப்பையைக் கரைக்கும் என்ற பேச்சுகளை டப்பா மேல் பார்த்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

முதல் திருத்தம்: சர்க்கரை

ஒருநாள் உங்கள் வீட்டுத் தேக்கரண்டியை எடுத்துச் சர்க்கரையை அள்ளிப் பாருங்கள். தலைதட்டி அள்ளினால் 4 முதல் 5 கிராம். நாம் அள்ளுவது பெரும்பாலும் குவித்து; அதில் இன்னும் இரண்டு கிராம் கூடும். தலைதட்டி இரண்டு கரண்டி என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு கப்புக்கு 8 முதல் 10 கிராம். நாலு வேளைக்கு 40 கிராம் வரை போகும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன கணக்கு இது: உணவில் தனியாகச் சேர்க்கும் சர்க்கரை, நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள், அதாவது சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. டீயிலேயே 40 போய்விட்டால் பிஸ்கட், பாயசம், ஜூஸ் எல்லாம் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கும் நிலையில் இந்த 40 கிராமைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது.

நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் எதற்கு மாறினாலும் இதே கணக்குதான். ருசிக்காக மாறுங்கள், அளவைக் குறைக்காமல் மாறினால் ஆரோக்கியத்தில் பெரிய லாபம் கிடையாது.

குறைக்கும் வழி:

1. இன்று எவ்வளவு போடுகிறீர்களோ அதைத் தலைதட்டி அளந்து தெரிந்துகொள்ளுங்கள்.
2. வாரத்துக்கு ஒரு கப்புக்குக் கால் கரண்டி வீதம் இறக்குங்கள். இந்த வேகத்தில் போனால் நாக்கு அதிகம் முரண்டு பிடிக்காது.
3. பாத்திரத்தில் மொத்தமாகப் போட்டுக் கொதிக்கவிடும் பழக்கத்தை விட்டு, அவரவர் டம்ளரில் போட்டுக்கொள்ளுங்கள். அப்போதுதான் யார் எவ்வளவு குடிக்கிறார்கள் என்பது தெரியும்.
4. சர்க்கரை இறங்கும்போது டீ சப்பென்று தோன்றினால் இஞ்சியோ ஏலக்காயோ தட்டிப் போடுங்கள்.

டீக்கடையில் மாஸ்டர் பெரும்பாலும் கிளாஸில் முதலில் சர்க்கரையைப் போட்டுவிட்டுத்தான் பாலையும் டிகாஷனையும் ஊற்றுவார். ஆகவே ஆர்டர் சொல்லும்போதே "மாஸ்டர், சர்க்கரை கம்மியா ஒண்ணு" என்றோ "வித்தவுட் ஒண்ணு" என்றோ சொல்லிவிடுங்கள். ஆற்றிக் கொடுத்த பிறகு சொல்லிப் பயனில்லை. அலுவலகத்து மெஷின் டீயில் பெரும்பாலும் பொடியிலேயே சர்க்கரை கலந்திருக்கும்; பொத்தானை அழுத்தும்முன் சர்க்கரை இல்லாத வகை இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாம் திருத்தம்: நேரம்

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. அதற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்றை நம் கையால் மாற்ற முடியும். அதுதான் டிபனோடும் டிபன் முடிந்த கையோடும் குடிக்கும் டீ.

கீரை, கேழ்வரகு, பயறு, சுண்டல் ஆகியவற்றில் உள்ள இரும்புச்சத்து இயல்பிலேயே உடம்பில் குறைவாகத்தான் சேரும். டீயில் உள்ள பாலிஃபீனால்கள் குடலில் அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்வதால் சேர வேண்டியதும் சேராமல் போகிறது. சாப்பாட்டோடு ஒரு கப் டீ குடித்தால் சைவ உணவின் இரும்பு சேர்வது பாதிக்கும் கீழே போகலாம் என ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இறைச்சியில் உள்ள இரும்புக்கு இந்தப் பாதிப்பு குறைவு. இட்லி, பொங்கல், கீரை சாதம் என்று சாப்பிடும் வீட்டில்தான் டீயின் நேரம் முக்கியமாகிறது.

தீர்வு எளிது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காபி வேண்டாம் என்பது மேலே சொன்ன 2024 வழிகாட்டுதலின் அறிவுரை. எட்டரைக்கு டிபன் என்றால் டீ ஏழு மணிக்கோ பத்து மணிக்கோ. கூடவே ஒரு வேலை செய்யுங்கள்: சுண்டலிலும் கீரையிலும் எலுமிச்சை பிழியுங்கள், அல்லது சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய் கடியுங்கள். வைட்டமின் சி இரும்பு சேர்வதைக் கூட்டும்.

சத்து மாத்திரை என்று ஆரம்பச் சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்குபவர்கள் பலர். மாத்திரை உள்ளே போகும், இரும்பு முழுதாகச் சேராது. தண்ணீரில் விழுங்குங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை: வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்த பிறகே டீ.

அடுத்தது தூக்கம். குடித்த கஃபீனில் பாதி வெளியேறப் பெரியவர்களுக்குச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது மாறும். மாலை ஆறு மணி டீயின் கஃபீனில் பாதி இரவு பதினோரு மணிக்கும் உடம்பில் இருக்கும். படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை என்பவர்கள் மாத்திரையைத் தேடும்முன், கடைசி டீயை நாலு மணிக்கு நகர்த்தி இரண்டு வாரம் பாருங்கள்.

எழுந்ததும் வெறும் வயிற்றில் குடிக்கும் டீ எல்லோருக்கும் தொல்லை தருவதில்லை. நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் வருபவர்கள் மட்டும் முதலில் தண்ணீர், கொஞ்சம் ஏதாவது தின்பண்டம், பிறகு டீ என்று வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் திருத்தம்: சூடு

'டீன்னா நாக்கைச் சுடணும்' என்பது நம்மில் பலருக்குக் கொள்கை. அதை விடுவது நல்லது. 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானங்களைக் குடிப்பதை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016-ல் சேர்த்தது. பாதிப்பு வருவது உணவுக்குழாயில். எந்தப் பானம் என்பது இதில் பொருட்டல்ல, சூடுதான் காரணம். ஈரானின் கோலெஸ்தான் பகுதியில் சுமார் 50,000 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2019-ல் வந்தது. 60 டிகிரியோ அதற்கு மேலோ சூடாக, தினமும் 700 மில்லிக்கு மேல் டீ குடித்தவர்களுக்கு, ஆறவிட்டுக் குறைவாகக் குடித்தவர்களைவிட உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயம் 90 சதவீதம் கூடுதலாக இருந்தது.

வெப்பமானி வைத்துக்கொண்டு டீ குடிக்க முடியாது. ஒரு சோதனை போதும்: காற்றோடு சேர்த்து 'சர்'ரென்று உறிஞ்சினால்தான் குடிக்க முடிகிறது என்றால் இன்னும் சூடு அதிகம். சாதாரணமாக ஒரு வாய் விழுங்க முடிந்தால் சரி. வீட்டில் ஐந்து நிமிடம் விடுங்கள், அல்லது இரண்டு டம்ளரில் நாலு முறை ஆற்றுங்கள். கடை மாஸ்டர் கையை உயர்த்தி ஆற்றுவது நுரைக்காக என்றாலும், அதில் சூடும் நன்றாக இறங்கும். ஃபிளாஸ்க்கில் வாங்கிவந்த டீயைத்தான் ஜாக்கிரதையாகக் குடிக்க வேண்டும். மூடியைத் திறக்கும்வரை அதன் சூடு அதிகம் இறங்காது.

பால் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். 2007-ல் ஜெர்மனியில் 16 பெண்களிடம் நடந்த சிறிய சோதனையில், டீயால் ரத்தக்குழாய் விரிவடையும் பலன் பால் சேர்த்ததும் மறைந்தது. பாலிலுள்ள கேசீன் புரதம் காரணம் என்றார்கள். பின்னால் வந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணானவை. பிரிட்டன் ஆய்வில் பால் சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பால் டீ பிடித்தவர் பால் டீயே குடிக்கட்டும். நாளில் ஒரு வேளையாவது வர டீயோ எலுமிச்சை பிழிந்த சுலைமானியோ பழகினால் கொழுப்பும் கலோரியும் மிச்சம்.

வீட்டில் போடும் முறை

இரண்டு பேருக்கு:

1. முக்கால் டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, தட்டிய இஞ்சியைப் போடுங்கள்.
2. தலைதட்டி இரண்டு தேக்கரண்டி டீத்தூள் போட்டு, அடுப்பைக் குறைத்து இரண்டு நிமிடம். சி.டி.சி. தூளுக்கு இதுவே போதும். பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் துவர்ப்பும் கசப்பும் ஏறும். அந்தக் கசப்பை மறைக்க மேலும் ஒரு கரண்டிச் சர்க்கரை விழும்.
3. தனியாகக் காய்ச்சிய பால் முக்கால் டம்ளர் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் இறக்கி வடிகட்டுங்கள்.
4. வடிகட்டிய சக்கையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைக்க வேண்டாம். செடிக்குப் போடுங்கள்.

கிரீன் டீக்குக் கொதிக்கும் தண்ணீர் ஆகாது. கொதித்த பின் மூன்று நான்கு நிமிடம் ஆறவிட்டு ஊற்றி, இரண்டு மூன்று நிமிடத்தில் இலையை எடுத்துவிடுங்கள். கிரீன் டீ கசக்கிறது என்று விட்டவர்களில் பலருக்கு இந்தத் திருத்தமே போதும்.

தூள் சுத்தமா? கப் சரியா?

நிறத்துக்காகச் சாயம் சேர்ப்பதும், ஒருமுறை போட்ட சக்கையை உலர்த்தி மறுபடி விற்பதும் டீத்தூளில் நடக்கும் கலப்படங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் வீட்டுச் சோதனை இது: வடிதாளில் கொஞ்சம் தூளைப் பரப்பித் தண்ணீர் தெளியுங்கள். பிறகு தூளை எடுத்துவிட்டுத் தாளைக் குழாயில் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல தூள் என்றால் கறை இருக்காது. சாயத் தூள் கருந்தவிட்டுக் கறை விடும். இரும்புத்தூள் கலந்திருக்கிறதா என்று தெரிய, காந்தத்தைத் தூளின் மேல் ஓட்டிப் பார்த்தால் போதும்.

கடையில் கண்ணாடி கிளாஸ் கேளுங்கள். கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ல் பேப்பர் கப்பில் 100 மில்லி சூடான நீரை 15 நிமிடம் வைத்துப் பார்த்தபோது, உள்பூச்சிலிருந்து சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் நீரில் கலந்திருந்தன. பார்சல் வேண்டுமானால் வீட்டிலிருந்து தூக்கோ ஃபிளாஸ்க்கோ எடுத்துப் போங்கள். சூடான டீயைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்க வேண்டாம்.

யார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்?

- கர்ப்பிணிகள்: ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்குப்படி டீ, காபி, கோலா எல்லாம் சேர்த்து கஃபீன் நாளுக்கு 200 மில்லிகிராமுக்குள். இரண்டு கப் டீயோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மற்றப் பெரியவர்களுக்கு இந்திய வழிகாட்டுதல் சொல்லும் எல்லை 300.
- குழந்தைகள்: பாலில் ஒரு சொட்டு டிகாஷன் விட்டுப் பழக்காதீர்கள். அவர்களுக்கு இரும்பும் தூக்கமும் பெரியவர்களைவிட முக்கியம்.
- சிறுநீரகக் கல் வந்தவர்கள்: டீயில் ஆக்ஸலேட் உண்டு. அமெரிக்காவில் தினமும் 16 கிளாஸ் ஐஸ் டீ குடித்த ஒருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது 2015-ல் மருத்துவ இதழில் பதிவானது. இரண்டு மூன்று கப்புக்கு அந்தப் பயம் வேண்டாம். ஆக்ஸலேட் கல் வந்தவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.
- ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள்: மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று அதிகமாகக் கிரீன் டீ தொடங்க வேண்டாம்.
- இளைக்கக் கிரீன் டீ மாத்திரை வாங்குபவர்கள்: கப்பில் குடிப்பது வேறு, சாறு மாத்திரை வேறு. இ.ஜி.சி.ஜி. என்ற கேட்டகின் நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ மாத்திரையாகச் சேர்ந்தால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிவதாக 2018-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. காக்ரேன் அமைப்பின் 2012 மதிப்பாய்வின்படி, கிரீன் டீ தயாரிப்புகளால் குறையும் எடை பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை.

ஒரு நாள் அட்டவணை

- காலை 6.30 – 7.00: தண்ணீர், பிறகு பால் டீ, அரைக் கரண்டிச் சர்க்கரை
- 8.30: டிபன், டீ இல்லாமல்
- 10.30: வர டீ அல்லது கிரீன் டீ, சர்க்கரை இல்லாமல்
- 1.00: சாப்பாடு, எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட
- 3.30 – 4.00: பால் டீ, அரைக் கரண்டிச் சர்க்கரை. கூட வடை, பஜ்ஜிக்குப் பதில் சுண்டல் என்றால் ஒரு மணி நேர இடைவெளி விட்டுச் சாப்பிடுங்கள்
- மாலை 6.00-க்கு மேல்: தேயிலை வேண்டாம். விருந்தினர் வந்தால் சுக்குமல்லிக் காபி. பேரில்தான் காபி, கஃபீன் இல்லை

மொத்தம் மூன்று கப்; சர்க்கரை 5 கிராமுக்குள்; கஃபீன் 200 மில்லிகிராமைத் தாண்டாது.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றப் போனால் எதுவும் நிலைக்காது. உங்கள் வீட்டு நிலைமையைப் பார்த்து ஒன்றில் தொடங்குங்கள். ரத்தசோகை உள்ளவர் இருந்தால், முதலில் சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம். சர்க்கரை நோய் குடும்பத்தில் ஓடினால், முதலில் கரண்டியின் அளவு. தூக்கம் கெட்டிருந்தால், முதலில் மாலை டீ. இந்த மூன்று தொல்லையும் இல்லாதவர் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதை மட்டும் இன்றோடு விடட்டும். ஒன்று பழகிய மாதத்துக்கு அடுத்த மாதம் இன்னொன்று.